சிறு வண்டியும் பெரு வண்டியும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் பேசுவோர் உண்டு. குறளுக்குப் புதுப்பொருள் உரைப்போர் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, இரயில்வேப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்து, இருபது ஆண்டுகளாக ரசீது எழுதிக்கொண்டிருக்கும் எமக்கு அத்தகைய தகுதி இல்லை. ஆகவே, செயலாளர் அவர்கள் "நீங்களும் ஏதேனும் பேச வேண்டும்" என்று பணித்தபோது, அறிந்த பொருளைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தோம். மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறோம். சிலர் புன்னகை புரிகின்றனர், புரியட்டும். சென்ற பொங்கலின்போது நம் சங்கத்தில் எழுந்த மனத்தாங்கலுக்கு மோட்டார் சைக்கிளே காரணம் என்பதை அவர்களும் அறிவர்.

அறியாதோர்க்காக நடந்ததைச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். பொங்கல் விழாவை ஒட்டி, ஊரிகம் இரயில் நிலையத்திலிருந்து இராபர்ட்சன்பேட்டை வழியாக ஆண்டர்சன்பேட்டை வரை இருசக்கர வண்டி ஊர்வலம் ஒன்று நடத்துவதென இளைஞர் பிரிவினர் திட்டமிட்டனர். நல்ல திட்டம். ஆனால் ஊர்வலத்தன்று காலையில் ஓர் ஒழுங்குமுறை வகுக்கப்பட்டது. 150 சி.சி.யும் அதற்கு மேற்பட்டனவும் முன்னே செல்வது, 100 சி.சி. வண்டிகள் அவற்றின் பின்னே. மொபெட்டுகள் எல்லாவற்றிற்கும் கடைசி. "மொபெட்டுகள் வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டா, வரிசையின் அழகும் கெடும்" என்று காரணம் கூறப்பட்டது.

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், சுரங்கத்தில் நிலத்தடியில் மரமுட்டுக் கொடுக்கும் பணி புரிந்தவர், அன்று விடியலிலேயே தம் மொபெட்டைத் துடைத்து, கைப்பிடியில் கொடி கட்டி, முதல் ஆளாய் வந்து நின்றிருந்தார். அவரைப் பின்னுக்குச் செல்லுமாறு ஒரு தம்பி கேட்டுக்கொண்டார். பெரியவர் மறுமொழி கூறவில்லை. பின்னே சென்றார். ஊர்வலம் இராபர்ட்சன்பேட்டைச் சந்திப்பை அடைந்தபோது அவர் இடப்புறம் திரும்பித் தம் வீட்டை நோக்கிச் சென்றுவிட்டார். அதன்பின் சங்கத்துக்கு அவர் வரவில்லை.

இவையெல்லாம் எமக்கு எப்படித் தெரியும் எனின், யாம் இரண்டாம் வரிசையில் இருந்தோம். எமது 350 சி.சி. வண்டியின் கண்ணாடியில் அவர் திரும்புவதைக் கண்டோம். செயற்குழு உறுப்பினராகிய யாம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆகவே இவ்வுரையில் குறை கூறப்படுவோருள் முதல்வர் யாமே என்று கொள்க.

நிற்க. இந்தச் சி.சி. என்பதுதான் என்ன? எந்திரத்தின் உருளைக்குள் உந்துதண்டு ஏறி இறங்கும் வெளியின் அளவு, அவ்வளவே. 100 சி.சி. என்றால் 100 மில்லிலிட்டர். நம் வீட்டுக் காப்பி டம்ளரில் ஒரு பாதி. 350 சி.சி. என்றால் லிட்டரில் மூன்றில் ஒரு பங்கும் சிறிது கூடுதலும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கால் லிட்டர் வெற்றிடத்தின்மேல் மனிதர் தம் மானத்தைக் கொண்டுபோய் வைப்பது வியப்புக்குரிய செய்தி.

இம்மதிப்பு எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தோம். புல்லட் 1956 முதல் சென்னைத் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. அதில் ஏறியோர் யாவர்? படையினர், காவல் ஆய்வாளர், சுரங்க அதிகாரி போன்றோர். அவ்வொலி தெருமுனையில் கேட்டதும் சிறுவர் விலகி நிற்பர் என்று மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வண்டிக்கு வந்த மதிப்பு வண்டியால் வந்ததன்று, ஏறியவரின் பதவியால் வந்தது. நம் மாநிலத்து மைசூரில் 1960-களின் தொடக்கத்தில் 250 சி.சி. ஜாவா வந்தது, அதன் வழித்தோன்றலாகிய எஸ்டி 1996 வரை ஓடியது. தொழிலாளிக்கு இவையெல்லாம் எட்டாத கனிகள். அவன் மிதிவண்டியில் சென்றான். அல்லது நடந்தே ஷாஃப்டுக்குச் சென்றான்.

அந்நிலையை மாற்றியது சிறு எந்திரமே. 1972-இல் பூனாவிலிருந்து லூனா வந்தது. 1980-இல் நமக்கு அண்மையிலுள்ள ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. 50 சி.சி. எந்திரம், இருவர் அமரலாம். மிதிவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே இருந்த பெரும்பள்ளத்தை அது தூர்த்தது. நம் தெருக்களில் எத்தனை குடும்பங்களுக்கு அது முதல் எந்திரம் என்பதை இங்குள்ள தாய்மார்கள் சொல்வார்கள்.

இன்னொன்று சொல்கிறோம், தம்பிமார்கள் செவிசாய்க்க வேண்டும். 1985-இல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. அதன் எந்திரம் 98 சி.சி.; முழுமையாக நூறுகூட இல்லை. ஆயினும் எம் இளமையில் இவ்வூர் வாலிபர் அனைவர்க்கும் அதுவே கனவு. புல்லட் வைத்திருந்தோரை அக்காலத்தில் "தாத்தா வண்டி" என்று எள்ளினோம்! ஆர்.எக்ஸ். 11 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 100 கிலோ. அக்காலப் புல்லட்டோ 18 குதிரைத்திறன். எடை 160 கிலோவுக்கு மேல். எடைக்கு வலிமையை வகுத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 1996-இல் அதன் உற்பத்தி நின்றது. இன்றும் அதன் பழைய வண்டிகளுக்குப் புதுவண்டியின் விலை கேட்கிறார்கள். ஆகவே, சிறிய எந்திரம் என்றால் இழிவு என்பது தொன்றுதொட்டு வந்த கருத்தன்று. எம் தலைமுறையில் அஃது இல்லை. எப்பொழுது புகுந்தது? பக்கத் தகட்டில் எண்ணைப் பொறித்து விற்கத் தொடங்கிய பின்னர்தான் என்று எமக்குத் தோன்றுகிறது. 2001-இல் பல்சர் 150, 180 என இரு எண்களோடு வந்தது. பின்னர் 200 என்றும் 220 என்றும் வந்தன. எண் கண்ணில் பட்டது; எண்ணைக் கொண்டு ஆளை அளப்பது எளிதாயிற்று.

அந்த 2001-ஆம் ஆண்டுதான் நமக்கும் மறக்கவொண்ணாத ஆண்டு. பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் இவ்வூரின் வாழ்வு விடியற்கால இரயிலை நம்பியது. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, ஊரிகம் வந்து, பங்காரப்பேட்டை கடந்து பெங்களூர் செல்லும் வண்டியில் நம்மவர் எவ்வளவு பேர் நாள்தோறும் செல்கின்றனர் என்பதை யாம் விரிக்க வேண்டியதில்லை. அவர்கள் நிலையத்துக்கு எதில் வருகின்றனர்? ஒரு நாள் விடியலில் வண்டிகள் நிறுத்துமிடத்தைச் சென்று பாருங்கள். பெரும்பாலும் மொபெட்டும் 100 சி.சி.யும்தான். காரணம் எளியது. இருட்டில் ஒரே உதையில் எழும்ப வேண்டும். பதினான்கு மணி நேரம் வெயிலிலும் மழையிலும் கிடந்தாலும் கவலை இருத்தல் கூடாது. மாதக் கடைசியில் அரை லிட்டர் பெட்ரோலில் வீடு சேர வேண்டும். பெரிய வண்டியை நிறுத்திவிட்டு இரயிலேறியவரையும் யாம் கண்டதுண்டு. சன்னலோரத்தில் நல்ல இடம் கிடைத்தும் அவருடைய மனம் வண்டி நிறுத்துமிடத்திலேயே இருக்கும்.

இனி, சிறு வண்டி ஓட்டுவோர் பேசும் பேச்சைக் கவனித்திருக்கிறீர்களா? "இது தம்பியின் வண்டி." "என் வண்டி பணிமனையில் இருக்கிறது." "வீட்டில் அவர்களுக்காக வாங்கினேன்." யாரும் கேட்பதற்கு முன்னரே இவ்விளக்கம் வந்துவிடும். பெரிய வண்டியில் வருவோர் எவரும், "இது எதற்காக வாங்கினேன் என்றால்" என்று தொடங்கக் கேட்டிலோம். யாமும் பதினான்கு ஆண்டுகள் 100 சி.சி. வண்டி ஓட்டியவரே. அவ்வளவு காலமும், "இரயிலுக்குப் போக இது போதும்" என்று வாயளவில் சொல்லிவந்தோம். தலைமை எழுத்தராக உயர்வு பெற்ற மாதம் உடன் பணியாற்றும் ஒருவர், "இனியாவது ஆளுக்கேற்ற வண்டி வாங்குங்கள்" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். மறு மாதமே கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று 350 சி.சி. வாங்கிவிட்டோம்.

அவ்வண்டியை யாம் வெறுத்தோம் அல்லோம். பொய் சொல்வானேன்? அதன் ஒலி எமக்கு இன்றும் இனிக்கிறது. ஞாயிறன்று குடும்பத்தோடு பேத்தமங்கலம் ஏரிக்கரைக்கோ, கம்மசந்திரத்துக் கோடிலிங்கேசுவரர் கோயிலுக்கோ அதில் செல்வது ஒரு தனி இன்பம். சாலையில் எதிர்க்காற்று வீசினாலும் அசையாது. ஆனால் அதன் எடை 195 கிலோ. ஒரு மழை நாளில், இரயில்வே கேட் அருகே, மிகக் குறைந்த வேகத்தில் திரும்பும்போது சறுக்கிச் சாய்ந்தது. யாம் தனியே தூக்க முயன்றோம், முடியவில்லை. கேட் காப்பாளரும் வழியே வந்த பால்காரரும் சேர்ந்து தூக்கிவிட்டனர். பால்காரர் தம் மொபெட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்திருந்தார். இருபுறமும் பால் கேன்கள் தொங்கின. அவர் எம்மைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நலமாக இருந்திருக்கும்.

பார்சல் அலுவலகத்தில் எமக்குக் கிடைக்கும் காட்சி வேறு வகையானது. வண்டியை இரயிலில் அனுப்ப வருவோர் முதலில் அதன் பெட்ரோலை முழுமையாக வடித்துவிட வேண்டும். பிறகு சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டுவார்கள். கட்டி முடித்தபின் எது எந்த வண்டி என்பது எடைத் தராசுக்குத்தான் தெரியும். படிவத்தில் வண்டியின் மதிப்பைக் குறிக்க ஓர் இடம் உண்டு. கூட்டிச் சொன்னால் அதற்கேற்பக் கட்டணமும் கூடும். எனவே பெரிய வண்டிக்காரர் பெரும்பாலோர் குறைத்தே சொல்வர். ஒருமுறை வயது முதிர்ந்த ஒருவர், மிகப் பழைய மொபெட் ஒன்றை ஊருக்கு அனுப்ப வந்தார். மதிப்பு என்னவென்று கேட்டோம். நெடுநேரம் எண்ணிப் பார்த்து, கடையில் புதிய வண்டி விற்கும் விலைக்கும் மேலாக ஒரு தொகையைச் சொன்னார். "ஐயா, கட்டணம் கூடுமே" என்றோம். "கூடட்டும்" என்று சொல்லிச் சில்லறையை எண்ணி வைத்தார். அவர் அதில் என்ன தொழில் செய்தார் என்று கேளாமல் விட்டது எமது குறை.

பிற நாடுகளிலும் இந்த மனப்பான்மை இல்லாமல் இல்லை. அங்கே அதற்குச் சட்டமே ஓரளவு காரணம். இங்கிலாந்தில் 1960-களின் தொடக்கம் முதல் பயிலுநர் 250 சி.சி.க்கு மேல் ஏறலாகாது என்று விதித்தனர். 1980-களில் அதை 125 சி.சி.யாகக் குறைத்தனர். ஐரோப்பாவிலும் படிப்படியாகவே பெரிய வண்டிக்கு உரிமம் தருகின்றனர். அதனால் சிறு வண்டி என்றாலே "இன்னும் பயில்பவன்" என்று பொருளாகிவிட்டது. நம் நாட்டில் அப்படியொரு படிக்கட்டே இல்லை. பதினெட்டு வயதில் கியர் வண்டி ஓட்டும் உரிமம் பெற்றவர், மறுநாளே 100 சி.சி.யிலும் ஏறலாம், 650 சி.சி.யிலும் ஏறலாம். படிக்கட்டு இல்லாத நாட்டில் கீழ்ப்படி என்ற இழிவை மட்டும் நாம் எங்கிருந்தோ இறக்குமதி செய்துகொண்டோம். அரசும் தன் பங்குக்கு ஒரு கோடு கிழித்திருக்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிக்கு வரி 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டதற்கு 40 விழுக்காடாயிற்று. எமது வண்டி கோட்டுக்கு இப்பால் நின்றுவிட்டது! அதற்காகப் பெருமைப்படுவதா, வருந்துவதா என்று அறியோம்.

ஜப்பானியரைப் பாருங்கள். ஹோண்டா நிறுவனம் 1958-இல் சூப்பர் கப் என்ற வண்டியைச் செய்தது; எந்திரம் 49 சி.சி. 2017-க்குள் அவ்வகை வண்டிகள் பத்துக்கோடி உருவாகிவிட்டன. உலகில் வேறெந்த மோட்டார் வண்டியும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. பந்தயமும் பெரியவற்றுக்கே உரியதன்று. 1962 முதல் 1983 வரை 50 சி.சி. வண்டிகளுக்கென்றே உலகப் பந்தயத்தில் ஒரு தனிப்பிரிவு இருந்தது. நம் சென்னைக்கு அருகே சோழவரம் விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களில் மொபெட்டுகளும் ஓடின.

வண்டி ஓட்டுவதில் நன்கு தேர்ந்தவர் சிலரிடம் கேட்டதையும், யாம் பட்டறிந்ததையும் சொல்கிறோம். சிறிய எந்திரம் ஓட்டுபவரைக் கைவிடாது. ஆனால் அவருடைய தவற்றை மறைக்கவும் செய்யாது. குப்பம் செல்லும் சாலையில் ஒரு மேடு வருகிறது என்றால், 100 சி.சி.காரர் அம்மேட்டை முன்னமே பார்த்து, வேகத்தைச் சேமித்து, உரிய இடத்தில் கியரைக் குறைத்து ஏற வேண்டும். 350 சி.சி.காரர் கையைச் சற்று முறுக்கினால் போதும். எந்திரம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். யாம் பெரிய வண்டிக்கு மாறிய ஓராண்டில், பதினான்கு ஆண்டுகள் கற்ற கியர்க் கணக்கைப் பாதி மறந்தோம். இது எமது சோம்பல். எல்லோர்க்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டோம்.

தம்பிமார்களே, உங்கள்மேல் எமக்குச் சினம் இல்லை. பெங்களூரில் நாள் முழுதும் பிறர்க்கு அடங்கிப் பணி செய்துவிட்டு வரும் ஓர் இளைஞனுக்கு, வாரத்தில் ஒரு நாள் தன் கையசைவுக்கு ஓர் எந்திரம் முழங்குவது எத்தகைய ஆறுதல் என்பதை யாம் அறிவோம். வாங்குங்கள், ஓட்டுங்கள். ஆனால் "சின்ன வண்டியில் வந்தால் நண்பர்கள் சேர்த்துக்கொள்வதில்லை" என்பதற்காகப் பத்தொன்பது வயதில், சம்பளத்தில் பாதியைத் தவணைக்கு எழுதிக் கொடுத்து வாங்குவதைத்தான் கண்டிக்கிறோம். தவணை தவறி வண்டி பறிபோன வீடுகள் எவை என்று உங்களுக்கே தெரியும். அவ்வீட்டுத் தகப்பனார் இன்றும் மொபெட்டில்தான் செல்கிறார். அதை எவரும் பறித்துச் செல்லவில்லை.

இப்போது அந்த ஊர்வலத்துக்கு வருவோம். "மொபெட்டுகள் வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டா" என்றீர்கள். ஊர்வலம் என்ன வேகத்தில் சென்றது? மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருந்தால் மிகுதி. அந்த வேகம் மொபெட்டுக்கு இயல்பானது. தடுமாறியவை நம் பெரிய வண்டிகளே. கிளட்சைப் பிடித்துப் பிடித்து எமது இடக்கை மரத்துப்போயிற்று. எந்திரச் சூடு முழங்காலைச் சுட்டது. முன்வரிசையார் பொறுக்கமாட்டாமல் விரைந்து முன்னே போவதும், பிறகு நின்று காத்திருப்பதுமாக, ஊர்வலம் மூன்று துண்டாயிற்று. குழுவாக நெடுந்தொலைவு செல்லும் மோட்டார் சைக்கிள் கழகத்தாரின் வழக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். வழிகாட்டிக்கு அடுத்து, எல்லாரினும் மெதுவாகச் செல்பவரையே நிறுத்துவார்கள்; வலிமை மிக்க வண்டி கடைசியில் வரும். அப்பொழுதுதான் எவரும் பின்தங்கார், வரிசையும் அறாது. வரும் பொங்கலுக்கு அம்முறையைக் கைக்கொள்ள வேண்டும் என்று செயற்குழுவில் எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். மொபெட்டுகள் முன்னே, அடுத்து 100 சி.சி.; புல்லட்டுகள் கடைசியில். எமது வண்டியும் கடைசியில்தான்.

சென்ற ஞாயிறன்று அப்பெரியவரின் இல்லத்துக்குச் சென்றோம். எமது பழைய 100 சி.சி. வண்டியிலேயே சென்றோம். அதுவும் ஒரு நாடகமோ என்று வழியில் எமக்கே ஐயம் எழுந்தது. அவர் திண்ணையில் அமர்ந்து மொபெட்டின் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். சுரங்கம் மூடிய பிறகு பேத்தமங்கலத்திலிருந்து காய்கறியும் கீரைக்கட்டும் ஏற்றிவந்து விற்றே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். இப்போது ஓட்டுவது அவருடைய மூன்றாவது மொபெட். "வாருங்கள் தம்பி" என்று எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார். இரயில் நேரம் மாறுமா என்று கேட்டார். காப்பி வந்தது. அதன்பின் யாம், "அன்றைக்கு நடந்தது பிழை, ஐயா. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்றோம்.

அவர் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "விடுங்கள் தம்பி. அன்றைக்கு வண்டியில் பெட்ரோலும் குறைவாகத்தான் இருந்தது" என்றார்.

வரும் பொங்கலுக்கு மொபெட்டுகள் முதல் வரிசையில் செல்ல ஏற்பாடு ஆகிறது என்பதைச் சொன்னோம். எத்தனை மணிக்கு என்று வினவினார். ஏழு என்றோம். "ஏழு மணிக்குக் காய் இறக்கும் வேலை இருக்கிறதே. எட்டு என்றால் பார்க்கலாம்" என்றார்.

ஆகவே, ஊர்வலத்தை எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளுமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.